குற்றப் புள்ளி பூஜ்யம்

என் அண்ணனின் வலது கால் அவன் பேச்சைக் கேட்காது. இருபத்தொரு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் இவன் உட்கார்ந்துகொண்டு, தன் காலடியில் தனியாகப் பொருத்தியிருக்கும் பிரேக்கை மிதித்து மிதித்தே ஊரில் பாதிப் பேரை உயிரோடு வீடு சேர்த்திருக்கிறான். காரை விட்டு இறங்கினாலும் அந்தப் பழக்கம் போகாது. அண்ணி கொஞ்சம் வேகமாகப் பேசினால் சாப்பாட்டு மேசைக்கு அடியில் கால் மிதிக்கும். டி.வி.யில் யாராவது ஓடினால் தரையை மிதிக்கும். ஒரு தடவை பல் டாக்டர் ஊசியோடு குனிந்தபோது மிதித்த மிதியில் செருப்பு வார் அறுந்துபோனது.

நான் அவனுக்கு ஒரே தங்கை. டயர் கடைக்கு மேலே இருக்கும் அந்த ஒற்றை அறை ஆபீசில் போன் எடுப்பதும் விண்ணப்பம் நிரப்புவதும் என் வேலை. சுவர் முழுக்கச் சாலை விதிப் படங்கள். மூலையில் பலகையில் அறைந்த ஒரு பழைய ஸ்டியரிங், முதல் நாள் வருகிறவர்கள் திருப்பிப் பார்ப்பதற்காக. வீட்டிலும் அவன் கீழ்த்தளம், நான் மாடி. ஆக, நாள் பூராவும் அவன் குரல் என் காதில்தான். காலுக்காவது பிரேக் இருக்கிறது, அந்த வாய்க்குக் கிடையாது.

"வண்டி படுக்குறதுக்கு முன்னாடி நூறு தடவை சொல்லும். கேக்குறதுக்குத்தான் ஆள் இல்ல" என்பது புதிதாக வருகிற எல்லோருக்கும் அவன் சொல்லும் முதல் பாடம். இரண்டு தெரு தள்ளிப் போகும் காரில் பெல்ட் கிறீச்சிடுவதை வைத்து அது எந்த வருடத்து வண்டி என்று சொல்வான். இப்பேர்ப்பட்ட மகாராஜனுக்கு, சொந்த வீட்டில் சொந்த மகள் பதினான்கு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்கவில்லை. அவனுக்கு மட்டுமா? எனக்கும்தான். பிள்ளை எங்கள் கண் முன்னால் மூழ்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் கரையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தோம்.

அவளுக்குப் பள்ளியில் வேறு பெயர். வீட்டில் அப்பா வைத்த பெயர்தான், ஹாரன். பிறந்தபோது போட்ட சத்தத்தை அவள் நிறுத்தவே இல்லை. குளித்தால் பாட்டு. படித்தால் பாடம் தெருவுக்கே மனப்பாடம். கதவைச் சாத்தினால் என் வீட்டு அலமாரியில் டம்ளர் உருளும். பள்ளிக் கூடைப்பந்து அணியில் இருந்தாள். சாயங்காலம் வந்ததும் ஷூவைக் கழற்றிக் கூடத்தின் நட்ட நடுவில் வீசுவாள், ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. என் மகள் பதினொரு வயது வாண்டுக்கும் அவளுக்கும் ரிமோட்டுக்காக நடக்கும் சண்டையில் தினமும் ஒருத்தியின் தலைமுடி இன்னொருத்தி கையில் இருக்கும்.

"பொம்பளைப் புள்ளையா இவ?" என்று நான் சொல்லாத நாள் இல்லை. அதை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவளைத் திருத்த அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். டிரைவிங் டெஸ்ட்டில் அதிகாரி கையில் ஒரு படிவம் இருக்கும். ஓட்டுபவர் செய்யும் ஒவ்வொரு தப்புக்கும் இத்தனை குற்றப் புள்ளி என்று அதில் குறிப்பார்கள். இருபதைத் தாண்டினால் தேர்ச்சி இல்லை. அண்ணன் அந்தப் படிவத்தை ஆபீஸ் மெஷினில் கட்டாகப் பிரதி எடுத்து, வாரத்துக்கு ஒன்றாகச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினான். தலைப்புகளை மாற்றவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. தேவையின்றி ஹாரன் அடித்தல் என்றால் வீட்டுக்குள் கத்துவது. வாகனத்தைத் தவறான இடத்தில் நிறுத்துதல் என்றால் ஷூ. சிக்னல் தராமல் திரும்புதல் என்றால் சொல்லாமல் தோழி வீட்டுக்குப் போவது. முன் செல்லும் வாகனத்துக்கு இடைவெளி விடாமை என்றால் வாண்டுவின் முடி. எந்த நாள் எந்தக் குற்றம் என்று தேதி போட்டுக் குறிப்பான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டிப் பார்த்து வாசிப்பான்.

ஹாரன் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அது வாராந்திர வழக்கு மன்றம்.

"அப்பா, இது அநியாயம்! செவ்வாய்க்கிழமை கதவை நான் சாத்தல, காத்து சாத்துச்சு. காத்துக்குப் புள்ளி போடுங்க!"

"காத்துக்கு லைசென்ஸ் இல்ல. உனக்குத்தான் புள்ளி."

இப்படி அரைமணி நேரம் வாதாடி மூன்று புள்ளியைக் குறைத்துவிட்டு, ஜெயித்த சந்தோஷத்தில் ஒரு கத்துக் கத்துவாள். அதற்கு ஐந்து புள்ளி ஏறும். சராசரி அறுபது. மொட்டை மாடியில் பந்து ஆடித் தண்ணீர்க் குழாயை உடைத்த வாரம் தொண்ணூற்று நாலு. அந்தத் தாளை அவளே பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

பதினொன்றாம் வகுப்பில் பாதி வருடம் போன பிறகு அந்தப் புள்ளி இறங்க ஆரம்பித்தது.

முதலில் ஷூ. இரண்டும் ஜோடியாக அலமாரியில் போய் உட்கார்ந்தன. அடுத்து கதவு. அதற்கடுத்து குளியலறைப் பாட்டு நின்றது. நாற்பதானது, இருபத்தைந்தானது, பன்னிரண்டானது. அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். பக்கத்து வீட்டுக்காரர், வருடக்கணக்காகச் சுவரைத் தட்டித் தட்டிக் கை காய்த்துப்போன மனிதர், வாசலுக்கே வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு அண்ணி போனாள். வகுப்பு ஆசிரியை, "ரொம்ப அமைதியான பொண்ணாயிட்டாங்க. தொந்தரவே இல்ல. மார்க்குதான் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றாராம். மார்க் என்ன மார்க், வந்துவிடும், குணம் வருமா என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

பள்ளியிலிருந்து வந்ததும் படுத்துக்கொண்டாள். படிப்புச் சுமை என்றோம். அரைத் தட்டோடு எழுந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் உடம்பைக் குறைக்கிறார்கள் என்றோம். நாலு நாள் தலை சீவாமல் இருந்தாள். அது ஏதோ புது ஸ்டைல் என்று சொன்ன அறிவாளி நான்தான். எதைச் செய்தாலும் எங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டினால், பூஜ்யம். அண்ணன் இரண்டு தடவை கூட்டினான். பூஜ்யத்தை எத்தனை தடவை கூட்டினால் என்ன? சிவப்பு மையில் பெரிதாகத் 'தேர்ச்சி' என்று எழுதி, ஒரு கேக் வாங்கிவந்து மேசையில் வைத்து எங்களையும் கூப்பிட்டான். ஹாரன் வந்து நின்றாள். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள்.

"நல்லா இருக்குப்பா. தேங்க்ஸ். நான் போய்ப் படுக்கட்டுமா?"

"பாத்தியா, பாத்தியா, பர்மிஷன் கேக்குறா!" என்று அண்ணன் என் தோளில் தட்டினான். மிச்சக் கேக்கை நாங்கள்தான் தின்றோம்.

அன்று மாடிப்படியில் உட்கார்ந்து வாண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, அவ என்னை அடிக்கவே மாட்டேங்குறா."

"அடிக்கலைன்னு அழுற முதல் ஆளு நீதான்டி!"

"ரிமோட்டைப் புடுங்கினேன். வச்சுக்கோன்னு சொல்லிட்டா. முடியை இழுத்தேன். அப்பவும் சும்மாவே இருந்தா. அவளுக்கு என்னமோ ஆயிருச்சும்மா."

"அவளுக்குப் புத்தி வந்துருச்சு. உனக்கும் வரணும்" என்று முதுகில் ஒன்று வைத்து மேலே அனுப்பினேன். அந்த வீட்டில் கண் இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

பூஜ்யம் வந்த பிறகு அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. கிளட்ச் சொல்லித் தருவதைவிடப் பிள்ளை வளர்ப்புதான் அதிகம் சொல்லித் தந்தான். "கண்டிப்பும் வேணாம், அடியும் வேணாம். எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு" என்பான். இரண்டு அப்பாக்கள் ஆபீசுக்கு வந்து என்னிடம் அந்தப் படிவம் கேட்டார்கள். நானும் பிரதி எடுத்துக் கொடுத்தேன். எந்த வீட்டில் என்ன பாடு படுகிறதோ!

அப்போது எங்களிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒரு நர்ஸம்மா உண்டு. ஐம்பது வயது. பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் இருபது வருட அனுபவம். வெளியே அவ்வளவு நிதானமான மனுஷியை நான் பார்த்ததில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும், உலகத்தில் எல்லோரும் தனக்காக நின்றுகொள்வார்கள் என்று ஒரு நம்பிக்கை. பிரேக் என்று ஒன்று இருப்பதையே அவர் மதிப்பதில்லை. நாலு தடவை டெஸ்ட்டுக்குப் போய் நாலு தடவையும் போச்சு. அவர் வரும் நாளில் அண்ணன் கெட்டி அடிப்பாகம் வைத்த ஷூ போட்டுக்கொண்டு வருவான்.

ஒரு மத்தியானம் என்னை வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னதால், விண்ணப்பக் கட்டோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். நர்ஸம்மா ஓட்டினார். அண்ணன் ஒரு காலால் பிரேக்கையும் வாயால் மகள் புராணத்தையும் மிதித்துக்கொண்டு வந்தான்.

"தொண்ணூத்தி நாலுல இருந்து பூஜ்யம் மேடம்! கண்ணாடியப் பாருங்க. பூஜ்யம்!"

"முன்னாடி ரொம்பப் பேசுற பொண்ணோ?" என்றார் நர்ஸம்மா.

"பேச்சா? ஹாரன்னுதான் பேரே! இப்போ இருக்கற இடம் தெரியாது. ரெண்டாவது கியர் போடுங்க."

"தூக்கம் எப்படி?"

"தூங்குறா மேடம். ஸ்கூல் விட்டு வந்தா நேரா கட்டில்தான். ஊர் சுத்துறதே இல்ல."

"சாப்பாடு?"

"அளவா. முன்னாடி எனக்கு மிச்சம் வைக்கமாட்டா. இடது பக்கம், இடது பக்கம்!"

"ஃப்ரெண்ட்ஸ்?"

"எல்லாத்தையும் விட்டுட்டா. போன் அடிச்சாக்கூட எடுக்குறதில்ல."

"ஏதோ பந்து விளையாடுவான்னு சொன்னீங்களே?"

"அதையும் விட்டுட்டா!" என்றான் அண்ணன், லாட்டரி அடித்தவன் மாதிரி.

கார் நின்றது. சும்மா நிற்கவில்லை, என் மடியில் இருந்த விண்ணப்பமெல்லாம் முன்சீட்டுக்குப் பறக்கும்படி நின்றது. அண்ணன் குனிந்து தன் காலைப் பார்த்தான். கால் வைத்த இடத்திலேயே இருந்தது. நர்ஸம்மாவின் காலைப் பார்த்தான்.

"மேடம்! நீங்களா பிரேக் போட்டீங்க? சூப்பர்! இதத்தானே நாலு மாசமா தலையில அடிச்சுக்கிட்டேன்!"

பின்னால் பஸ்காரன் தலையை வெளியே நீட்டி, "மாஸ்டர், நீங்களே இப்படி நடுரோட்டுல நின்னா எப்படி?" என்று கத்தினான். நர்ஸம்மா அதையும் காதில் வாங்கவில்லை, பாராட்டையும் காதில் வாங்கவில்லை.

"மாஸ்டர், எங்க வார்டுக்கு முதல் தடவை வர்ற அப்பா அம்மாகிட்ட நாங்க சில கேள்வி கேப்போம். அதைத்தான் இப்போ உங்ககிட்டக் கேட்டேன். அவங்க எல்லாம் அழுதுக்கிட்டே ஆமாம்பாங்க. நீங்க சிரிச்சுக்கிட்டே ஆமாங்கறீங்க."

அண்ணனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கோபம் வந்தது. "பிரேக் எதுன்னு உங்களுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள என் பொண்ணைப் பைத்தியம்னு சொல்ல வந்துட்டீங்களா?"

"அந்த வார்த்தைய நான் சொல்லல, நீங்களும் சொல்லாதீங்க. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். அதை டாக்டர் பாத்துச் சொல்லட்டும். ஆனா ஒரு புள்ள தனக்குப் பிடிச்சதை எல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல விட்டுட்டு உக்காந்திருந்தா அது அடக்கம் இல்ல மாஸ்டர். எத்தனை நாளா இப்படி?"

அண்ணன் வாயைத் திறந்தான். நின்றிராத அந்த வாய் திறந்தபடியே நின்றது. நான்தான் பின்னாலிருந்து சொன்னேன், "அண்ணா, வாண்டு சொன்னா. அவளுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு. நான்தான் அடிச்சு அனுப்பிட்டேன்." 

"எத்தனை நாளான்னு எனக்குத் தெரியும்" என்றான் அவன் மெதுவாக. "தேதி போட்டு வச்சிருக்கேன்."

காரை ஓரமாக நிறுத்திவிட்டு நர்ஸம்மா விளக்கினார். "இன்னிக்கே பேசுங்க. என்னம்மா பண்ணுதுன்னு கேளுங்க, கேட்டுட்டு வாயை மூடிக்குங்க. புத்தி சொல்லாதீங்க, எங்க காலத்துலன்னு ஆரம்பிக்காதீங்க. உயிரோட இருக்கவே பிடிக்கலையான்னு நேராவே கேட்டுருங்க. கேக்குறதால அந்த நினைப்பு வந்துராது. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க. இல்லைன்னாலும் நாளைக்குக் காலைல வந்துருங்க."

"வாயை மூடிக்கணும்" என்றான் அண்ணன். அவனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் அலமாரிக் கதவைத் திறந்து, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டியிருந்த தாள்களை அடியிலிருந்து பிரித்தான். இந்தத் தேதியில் ஷூ. இந்தத் தேதியில் பாட்டு. இந்த வாரத்தோடு தோழி வீடு. விரல் வைத்து விரல் வைத்துக் கீழே வந்தான். விஷயம் கேட்ட அண்ணி முதலில், "என் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல, உங்க ரெண்டு பேருக்கும்தான் கிறுக்கு" என்று சண்டைக்கு வந்தாள். பிறகு பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றாள்.

"டிபன் பாக்ஸ் தினமும் அப்படியே திரும்பி வருது. நீங்க கத்துவீங்கன்னு நானே தின்னுட்டு இருந்தேன்" என்றாள். மூன்று மாதமாக அண்ணி ஏன் ஊதிக்கொண்டே போனாள் என்பது அன்றுதான் தெரிந்தது. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, பாவி நான்.

எங்கே வைத்துப் பேசுவது? கூடத்தில் உட்கார்ந்தால் அண்ணன் பிரசங்கி ஆகிவிடுவான். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக் கவனிக்க அவனுக்குப் பழக்கமான ஒரே இடம் கார்தான், அங்கேயும் பேசுவான் என்பது வேறு விஷயம். ஹாரனைக் கூட்டிப்போய் வாசலில் நின்ற காரில் ஓட்டுபவர் இருக்கையில் உட்கார வைத்தான். தன் இடத்தில் தான் உட்கார்ந்தான். சாவியே போடவில்லை. நானும் அண்ணியும் வாண்டுவும் மாடி ஜன்னலில் மூன்று தலையாக நின்றோம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் காரின் பின்விளக்கு மட்டும் திடீரென்று சிவப்பாக எரிந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. பேச வாய் வரும்போதெல்லாம் அண்ணன் தன் பிரேக்கை மிதிக்கிறான்.

"எரியுது அண்ணி. வாயை மூடிட்டு இருக்கான்" என்றேன்.

ஐந்து நிமிடம் எரிந்தது. பத்து நிமிடம் எரிந்தது. ஒரு தடவை அணைந்தது. "போச்சு, ஆரம்பிச்சுட்டாரு" என்று அண்ணி என் கையைக் கிள்ளினாள். எண்ணி மூன்று நொடியில் மறுபடி எரிந்தது. அதற்கப்புறம் நாற்பது நிமிடம் அணையவே இல்லை. இருபத்தொரு வருடத்தில் அவன் மிதித்த மிதியெல்லாம் ஒரு பக்கம், அன்று மிதித்தது ஒரு பக்கம்.

அவள் என்ன சொன்னாள் என்பதை அவன் பிறகு துண்டு துண்டாகச் சொன்னான். காலையில் எழுந்திருப்பதே மலை ஏறுவது போல இருக்கிறதாம். பந்தைப் பார்த்தால் பிடிக்கவேண்டும் என்றே தோன்றவில்லையாம். பாடம் கண்ணில் படுகிறது, மண்டைக்குள் போவதில்லையாம். எதனால் என்று அவளுக்கும் தெரியவில்லை. யாரும் திட்டவில்லை, எதுவும் நடக்கவில்லை, அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்ததாம்.

அந்த மூன்று நொடி அணைந்தது, அவன் நர்ஸம்மா சொன்ன கேள்வியைக் கேட்டபோது. அவள் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு, "சாகணும்னு இல்லப்பா. தூங்கினா எந்திரிக்காமலே இருந்தா நல்லாருக்கும்னு சில நாள் தோணும்" என்றாளாம்.

"அப்புறம் அந்தப் பூஜ்யம்" என்றாளாம். "நான் ஒண்ணும் திருந்தலப்பா. தப்பு பண்றதுக்கு நானே அங்க இல்ல."

இதைச் சொல்லும்போது அண்ணன் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. அதற்காக அழுகிறான் என்று வாண்டு நினைத்துத் தைலம் எடுத்து வந்தாள். அன்று அண்ணி மகளோடு ஒரே கட்டிலில் படுத்தாள்.

மறுநாள் காலை அண்ணன் ஹாரனைக் கூட்டிக்கொண்டு நொண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனான். வரிசையில் முன்னால் நின்றவர்கள் நோயாளி இவன்தான் என்று வழிவிட்டார்களாம். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். எப்போது ஆரம்பித்தது, எது முதலில் மாறியது என்று கேட்டிருக்கிறார். அண்ணன் பையிலிருந்து பதினான்கு தாளையும் எடுத்து மேசையில் பரப்பியிருக்கிறான். டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்தாராம். "முன் செல்லும் வாகனத்துக்கு இடைவெளி விடாமைன்னா என்ன சார்?" என்று கேட்டாராம். வாண்டுவின் முடி பற்றி அண்ணன் விளக்கினான்.

"இவ்வளவு துல்லியமா யாருமே கொண்டு வந்ததில்ல" என்றார் டாக்டர். பெருமைப்படுவதா தலைகுனிவதா என்று தெரியாமல் அண்ணன் அவர் மேசைக்கடியில் இல்லாத பிரேக்கை மிதித்தான். இது மனச்சோர்வு, சீக்கிரமாகவே வந்துவிட்டீர்கள், சரிப்படுத்தலாம், ஆனால் அவசரப்படக்கூடாது என்றார் டாக்டர். சீக்கிரமா! பதினான்கு வாரம் என்பது அவர்கள் கணக்கில் சீக்கிரம். வருடக்கணக்கில் கைதட்டுகிற குடும்பங்களும் இருக்கும் போல.

கதை இங்கே மளமளவென்று சரியாகிவிடவில்லை. வாரம் ஒரு நாள் பேச்சு சிகிச்சை, கொஞ்ச நாள் மாத்திரை, பள்ளியில் சொல்லி விடுப்பு. இரண்டு அடி முன்னே போனால் ஒன்றரை அடி பின்னே. ஒரு வாரம் தலை சீவினாள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டால் அடுத்த வாரம் கட்டிலை விட்டு இறங்கமாட்டாள். அண்ணன் தினமும் அவளோடு காரில் அரைமணி உட்கார்ந்தான். பாதி நாள் இருவரும் ஒன்றும் பேசாமலே வருவார்கள். அவன் வாயை மூடியிருக்கப் பழகியது ஆபீசில் எனக்கே வினோதமாக இருந்தது. படிவம் வாங்கிப்போன இரண்டு அப்பாக்களுக்கும் அவனே போன் செய்து, கிழித்துப் போடுங்கள் என்றான். அலமாரிக் கதவில் பசை ஒட்டின அடையாளம் மட்டும் மிச்சம் இருந்தது. நர்ஸம்மா ஐந்தாவது டெஸ்ட்டிலும் போய்விட்டார். காரணமில்லாமல் நடுரோட்டில் பிரேக் போட்டாராம். எங்கள் வீட்டில் அவருக்கு எதிராக ஒரு வார்த்தை பேச முடியாது.

அதற்கு ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் கீழே அண்ணி வீட்டுக் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். உள் அறையில் டி.வி. ஓடியது. டமாலென்று ஒரு சத்தம். கதவு. மாடியில் என் டம்ளர் உருளுவது இங்கே கேட்டது. தலைவிரி கோலமாக வாண்டு ஓடிவந்தாள்.

"அம்மா! ஹாரன் என்னை அடிச்சுட்டா! முடியைப் புடிச்சு இழுத்துட்டா!"

நான் மடித்த துணியைக் கீழே போட்டேன். அண்ணி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். அண்ணன் வாண்டுவின் முன்னால் மண்டியிட்டு அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான்.

"நெஜமாவா? எங்க அடிச்சா? நல்லா அடிச்சாளா?"

"முதுகுல, மாமா. பளார்னு!"

"பளார்னா?" என்று அண்ணன் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் ஓடியது. நான் பெற்ற பிள்ளையின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தேன். ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தன. எண்ணிப் பார்த்தேன், ஐந்தும் இருந்தன. அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள், கரண்டி அவள் காதில் இடிப்பது கூடத் தெரியாமல்.

உள்ளே கதவு மறுபடி திறந்தது. தெரு முழுக்கக் கேட்கும் குரலில் ஹாரன் கத்தினாள்.

"அப்பா, அது அநியாயம்! அவதான் முதல்ல ரிமோட்டைப் புடுங்கினா! அவளுக்குப் புள்ளி போடுங்க!"

பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அண்ணன் எழுந்துபோய்த் தானும் பதிலுக்கு இரண்டு தட்டுத் தட்டினான்.

"எனக்கு அடி விழுந்துருக்கு, எல்லாரும் சிரிக்கிறீங்க!" என்று வாண்டு காலை உதைத்துக்கொண்டு அழுதாள். அவளைச் சமாதானப்படுத்த எங்களில் ஒருவராலும் முடியவில்லை. இன்றுவரை அந்த விஷயத்தில் அவள் எங்களை மன்னிக்கவில்லை.